புனைமொழிகளின் பெயர்ச்சொற்கள்: இடுகுறி, காரணக் கோட்பாட்டின் வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு தனிமனிதர் திட்டமிட்டு உருவாக்கிய மொழி இங்குப் புனைமொழி எனப்படுகிறது. இத்தகைய மொழிகளை, அவற்றின் சொற்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை மட்டும் கொண்டு வகைப்படுத்துவது மேலை ஆய்வுலகின் வழக்கம். அவ்வகைப்பாடு பெயர்ச்சொல்லின் தன்மையை முழுமையாக விளக்கவில்லை என்பதையும், நன்னூல் கூறும் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாடு அக்குறையை நிறைவு செய்யக்கூடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வில்கின்சின் மெய்யியல் மொழி, வோலாபூக், எஸ்பெராண்டோ, குவென்யா, கிளிங்கான் ஆகியவற்றின் பெயர்ச்சொற்கள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புனைமொழி, பெயர்ச்சொல், இடுகுறி, காரணம், வேற்றுமை, திணை, எஸ்பெராண்டோ, குவென்யா, கிளிங்கான்.

முன்னுரை

இயற்கை மொழியில் ஒரு பொருளுக்குப் பெயரிட்டவர் யார் என்பதை அறிய இயலாது. 'மரம்' என்னும் சொல்லை முதலில் வழங்கியவரை எந்த வரலாறும் சுட்டுவதில்லை. புனைமொழியிலோ பெயரிட்டவரும், அவர் பெயரிட்ட ஆண்டும், சில வேளைகளில் பெயரிட்ட காரணமும் தெரிகின்றன. ஆதலால், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்னும் தொன்மையான வினாவை ஆராய்வதற்குப் புனைமொழிகள் ஏற்ற களமாக அமைகின்றன. சொற்பொருளின் காரணம் பார்த்தவுடன் விளங்குவதன்று என்பது தொல்காப்பிய உரியியலின் கருத்து. புனைமொழி ஆசிரியர்களுள் பலர் அக்காரணத்தை வெளிப்படையாக விளங்கச் செய்ய முயன்றவர்கள். அம்முயற்சி எந்த அளவுக்கு வென்றது, எங்குத் தோற்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

வழக்கிலுள்ள வகைப்பாடும் அதன் குறையும்

லூயி கூத்துரா, லெயோபோல்ட் லோ ஆகிய இருவரும் 1903இல் வெளியிட்ட உலகப் பொதுமொழி வரலாற்று நூல் புனைமொழிகளை மூவகைப்படுத்தியது. இருக்கும் மொழிகளைச் சாராமல் சொற்களைப் புதிதாகப் படைப்பவை ஒரு வகை. இருக்கும் மொழிகளிலிருந்து சொற்களை எடுத்துக்கொள்பவை மற்றொரு வகை. இரண்டும் கலந்தவை மூன்றாம் வகை. இன்றளவும் இத்துறையில் பெரிதும் வழங்குவது இவ்வகைப்பாட்டின் அடிப்படையே.

இவ்வகைப்பாடு வினவுவது சொல்லின் மூலப்பொருளை மட்டுமே. சொல் எவ்வாறு பொருளுணர்த்துகிறது என்பதை அது வினவுவதில்லை. ஜெர்மானியக் கத்தோலிக்கக் குரு யோகான் மார்ட்டின் ஷ்லெயர் 1879-80இல் உருவாக்கிய வோலாபூக் மொழியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 'வோல்' (உலகம்) என்பது ஆங்கிலத்தின் 'வேர்ல்ட்' என்பதிலிருந்தும், 'பூக்' (பேச்சு) என்பது 'ஸ்பீக்' என்பதிலிருந்தும் பிறந்தவை. மூலத்தால் இவை கடன் சொற்கள். ஆனால் ஆங்கிலம் அறிந்தவரும் இவற்றைக் கேட்ட அளவில் இனங்காண இயலாது. கடன்பெற்ற சொற்கள் அடையாளம் இழந்து, கற்போருக்குப் புதிய இடுகுறிகளாகவே வந்து சேர்கின்றன. மூலத்தை நோக்கினால் ஒரு வகையிலும் பயன்பாட்டை நோக்கினால் வேறொரு வகையிலும் அவை அடங்குகின்றன. இம்முரண்பாட்டைப் பழைய வகைப்பாடு 'கலப்பு' என்று பெயரிட்டுக் கடந்து செல்கிறது.

நன்னூலின் பாகுபாடு வேறொரு வினாவிலிருந்து தொடங்குகிறது. ஒரு பெயர் தான் குறிக்கும் பொருளுக்கு வந்ததற்குக் காரணம் தோன்றுகிறதா, இல்லையா என்பதே அவ்வினா. மரம், பனை ஆகியன இடுகுறி; பறவை, மரங்கொத்தி ஆகியன காரணம். இவற்றுக்கு இடையில் உரையாசிரியர்கள் காரண இடுகுறி என்னும் வகையையும் காட்டுவர். முள் உடையது என்னும் காரணம் பல செடிகளுக்குப் பொருந்துமாயினும், 'முள்ளி' என்பது அவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பது அவ்வகைக்குச் சான்றாகும். இப்பாகுபாடு சொல்லைக் கேட்போரின் அறிவை அளவுகோலாகக் கொள்கிறது. புனைமொழியின் பெயர்ச்சொல்லை மதிப்பிட இதுவே பொருத்தமான தொடக்கமாகும்.

பொருட்காரணம்: வில்கின்சின் முயற்சி

எல்லாப் பெயரும் காரணப்பெயராகவே அமைந்த மொழி இயலுமா? 1668இல் ஜான் வில்கின்ஸ் இலண்டனில் வெளியிட்ட நூல் அதனைச் செயற்படுத்த முயன்றது. உலகப் பொருள்கள் அனைத்தையும் நாற்பது பேரினங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அசையை அவர் வழங்கினார். அடுத்து வரும் மெய் உட்பிரிவையும், அதற்கடுத்த உயிர் அதன் சிறுபிரிவையும் குறிக்கும். 'டெ' என்பது பூதம். 'டெப்' என்பது பூதங்களுள் முதலாவதாகிய நெருப்பு. 'டெபா' என்பது நெருப்பின் பகுதியாகிய சுடர். பெயரைக் கேட்டவுடன் பொருள் உலகில் பெறும் இடம் விளங்க வேண்டும் என்பதே நோக்கம்.

இம்முறையின் குறைகள் இரண்டு. முதலாவது, ஓரினப் பொருள்களின் பெயர்கள் ஒலியிலும் நெருங்கிவிடுகின்றன. இயற்கை மொழியில் ஓரெழுத்து மாறினால் பெரும்பாலும் பொருளற்ற சொல்லோ தொடர்பற்ற சொல்லோ பிறக்கும். கேட்பவர் பிழையை உடனே உணர்வார். வில்கின்சின் மொழியில் ஓரெழுத்துப் பிழை அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளைச் சுட்டும். பிழை பிழையாகத் தோன்றாது. இரண்டாவது குறை ஆழமானது. பெயரின் காரணம் பொருளில் இல்லை. வில்கின்ஸ் வகுத்த பட்டியலில் இருக்கிறது. அறிவியல் வளர்ந்து அப்பட்டியல் மாறினால் பெயர்கள் அனைத்தும் பொய்க்காரணங்களாகிவிடும். நெருப்பைப் பூதமாகக் கருதாத காலத்தில் 'டெப்' என்னும் சொல்லின் காரணம் அழிகிறது. அச்சொல் எஞ்சினால் இடுகுறியாகவே எஞ்சும்.

உறுப்புக்காரணம்: எஸ்பெராண்டோ

லுட்விக் சாமெனோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராண்டோ வேறு வழியைத் தேர்ந்தது. வேர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளிலிருந்து இனங்காணத்தக்க வடிவில் எடுக்கப்பட்டன. தந்தையைக் குறிக்கும் 'பாட்ரோ' இலத்தீனையும், நாயைக் குறிக்கும் 'ஹுண்டோ' ஜெர்மனையும், பறவையைக் குறிக்கும் 'பிர்டோ' ஆங்கிலத்தையும் நினைவூட்டும். பெயர்ச்சொல் அனைத்தும் 'ஓ' என முடியும். பன்மையில் 'ஓய்' என்றாகும். செயப்படுபொருளில் 'ன்' சேரும். ஷ்லெயரின் மொழியில் நான்கு வேற்றுமைகள் இருந்தன. சாமெனோஃப் அவற்றை இரண்டாகக் குறைத்து, எஞ்சிய பொருள்களை முன்னிடைச்சொற்களிடம் ஒப்படைத்தார்.

வேர்கள் இடுகுறிகளாக நிற்க, அவற்றிலிருந்து ஆக்கப்படும் பெயர்கள் காரணப்பெயர்களாகின்றன. 'மால்சானுலேயோ' என்னும் சொல்லைப் பிரித்தால் எதிர்மறை குறிக்கும் 'மால்', உடல்நலம் குறிக்கும் 'சான்', ஆள் குறிக்கும் 'உல்', இடம் குறிக்கும் 'எய்', பெயரீறாகிய 'ஓ' ஆகியன கிடைக்கும். நலமற்றவர்களின் இடம் என்பது உறுப்புகளின் பொருள். வழக்கில் அது மருத்துவமனையைக் குறிக்கும். நோயாளி படுத்திருக்கும் எந்த அறைக்கும் இவ்வுறுப்புப் பொருள் பொருந்தும். ஆயினும் வழக்கு அதனை ஒன்றுக்கு உரியதாக்கியது. 'முள்ளி'யைப் போன்றே இதுவும் காரண இடுகுறி. விதிகளால் முற்றிலும் தெளிவாக இயங்கும் எனக் கருதப்படும் மொழியிலும் வழக்கின் துணையின்றிப் பெயர் முழுமை பெறவில்லை என்பதை இச்சொல் காட்டுகிறது.

எஸ்பெராண்டோவின் பெயர்ச்சொல் மீது எழுந்த வலுவான விமர்சனம் பால் பற்றியது. 'பாட்ரோ' தந்தை, அதனுடன் பெண்பால் குறிக்கும் 'இன்' சேர, 'பாட்ரினோ' தாய். தந்தையின் பெயர் வேராகவும் தாயின் பெயர் அவ்வேரிலிருந்து பிறந்ததாகவும் அமைகின்றன. நன்னூல் வழியில் கூறினால், தந்தை இடுகுறி, தாய் காரணம். தமிழில் 'மகன்', 'மகள்' என்பன ஒரே பகுதியிலிருந்து இணையான இரு விகுதிகளால் பிறப்பவை. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறப்பதில்லை. எஸ்பெராண்டோவின் உறவுப்பெயர்களில் இந்த இணைநிலை இல்லை. 1907இல் எஸ்பெராண்டோவைத் திருத்தி உருவான இடோ மொழி இக்குறையை நீக்க முயன்றது. அதில் 'ஃப்ராட்டோ' உடன்பிறந்தாரைப் பொதுவாகக் குறிக்கும்; ஆண்பாலுக்கு 'உல்', பெண்பாலுக்கு 'இன்' எனத் தனித்தனி இடைநிலைகள் வரும்.

இங்குக் கருதத்தக்க விலக்கு ஒன்று உண்டு. மனைவியைக் குறிக்கும் 'எட்ஸினோ' என்பதே முதலில் அமைந்தது என்றும், அதன் பெண்பால் இடைநிலையை நீக்கிக் கணவனைக் குறிக்கும் 'எட்ஸோ' பின்னர்ப் பெறப்பட்டது என்றும் சொல்லாய்வாளர் கூறுவர். வரலாற்றில் பெண்பாற்பெயரே முதலாகவும், இலக்கணத்தில் ஆண்பாற்பெயரே முதலாகவும் நிற்கின்றன. சொல் பிறந்த வரலாற்றைச் சொல்லின் அமைப்பு மறைத்துவிடுவதற்கு இது தக்க சான்று. கற்பவர் அறிவது அமைப்பையே. ஆகவே வரலாற்றைக் காட்டி அமைப்பின் சார்பை மறுக்க இயலாது.

1905இல் பூலோன் நகரில் நடைபெற்ற முதல் உலக மாநாடு மொழியின் அடிப்படை நூலை மாற்றத்துக்கு அப்பாற்பட்டதாக ஏற்றது. புதிய சொற்களைச் சேர்க்கலாம், அடிப்படையை நீக்கலாகாது. இக்கட்டுப்பாட்டுக்குள்ளும் மாற்றம் நிகழ்ந்தது. முன்பு ஆண்பாலாகக் கருதப்பட்ட தொழிற்பெயர் பலவற்றைப் பேசுவோர் இன்று பொதுப்பாலாக வழங்குகின்றனர். வடிவம் மாறவில்லை, பொருள் மாறியது. எந்த விதியும் ஆணையிடாத இம்மாற்றத்தைச் செய்தவர்கள் மொழியைப் பயன்படுத்தியவர்களே.

வரலாற்றுக்காரணம்: குவென்யா

ஜே. ஆர். ஆர். டோல்கீன் உலகப் பொதுமொழியை நாடியவரல்லர். 1915ஆம் ஆண்டளவில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் அவர் திருத்திவந்த குவென்யா, ஒரு கற்பனை இனத்தின் தொன்மொழி. ஃபின்னிய மொழியின் ஒலியழகு அதற்குத் தூண்டுதலாக இருந்தது. அதன் உறவுமொழியாகிய சிந்தாரினுக்கு வேல்சு மொழி தூண்டுதலாயிற்று. இவ்விரு மொழிகளும் ஒரே முன்மொழியிலிருந்து ஒலிமாற்றங்களால் பிரிந்தவை என்று டோல்கீன் அமைத்தார். 1930களின் பிற்பகுதியில் அவர் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1987இல் அச்சேறிய வேர்ச்சொல் பட்டியல் இந்த அமைப்பைக் காட்டுகிறது.

குவென்யாவில் விண்மீனுக்கு 'எலென்' என்று பெயர். இதன் வேர் 'காண்க' என்னும் பொருளுடைய வியப்புச்சொல். அக்கற்பனை இனத்தின் முதல் மக்கள் கண்விழித்தபோது விண்மீன்களைக் கண்டு எழுப்பிய ஒலியே பெயராயிற்று என்பது கதை. பெயருக்கான காரணம் இங்குப் பொருளின் இயல்பிலோ சொல்லின் உறுப்புகளிலோ இல்லை. நிகழ்ந்ததாகப் புனையப்பட்ட ஒரு வரலாற்றில் இருக்கிறது. வில்கின்ஸ் அளித்தது பட்டியல். டோல்கீன் அளித்தது நினைவு. விண்மீனைக் குறிக்கும் சொல்லே ஓரினத்தின் முதல் அனுபவத்தைச் சுமந்து நிற்பதால், அச்சொல் பாட்டிலும் வாழ்த்திலும் வருமிடமெல்லாம் பொருள் மிகுகிறது.

பெயர்ச்சொல்லின் இலக்கணத்திலும் இவ்வரலாற்று உணர்வு புலப்படுகிறது. 1960களின் நடுப்பகுதியில் டோல்கீன் எழுதியளித்த வேற்றுமைப் பட்டியலில் கப்பலைக் குறிக்கும் 'கிர்யா' ஒரு சான்று. ஒருமை, பன்மை, இருமை, பகுதிப்பன்மை என எண் நான்கு. 'கிர்யான்னா' கப்பலை நோக்கி, 'கிர்யாஸ்ஸெ' கப்பலில், 'கிர்யால்லோ' கப்பலிலிருந்து. தமிழைப் போன்றும் ஃபின்னியத்தைப் போன்றும் உருபுகள் ஒட்டி வருகின்றன. ஆயினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. 'கப்பல்களில்' என்பதில் பன்மை விகுதி முன்னும் வேற்றுமை உருபு பின்னும் வரும், ஃபின்னியத்திலும் அவ்வாறே. குவென்யாவின் 'கிர்யான்னார்' (கப்பல்களை நோக்கி) என்பதில் உருபு முன்னும் பன்மைக் குறி பின்னும் வருகின்றன. கருவிப்பொருளில் வரும் 'கிர்யாயினென்' (கப்பல்களால்) என்பதிலோ பன்மைக் குறி முன்னே நிற்கிறது. ஒரே சொல்லின் திரிபுகளில் இரு வேறு வரிசைகள்.

ஒழுங்கை நாடுவோர் இதனைக் குறையென்பர். ஆனால் இயற்கை மொழிகளில் இத்தகைய ஒழுங்கின்மை வெவ்வேறு காலங்களில் உருபுகள் சேர்ந்ததன் தடயமாகும். டோல்கீன் ஒழுங்கின்மையைத் திட்டமிட்டு அமைத்து, மொழிக்குக் காலத்தின் ஆழத்தை வழங்கினார். குவென்யாவை ஃபின்னியத்தின் நகல் எனக் கூறுவோர் இந்நுட்பத்தைக் கருதுவதில்லை.

எனினும் வரலாற்றுக்காரணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வரலாற்றை எழுதியவர் அதனை எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். 'மோதிரங்களின் தலைவன்' புதினத்தின் முதற்பதிப்பில், நம் சந்திப்பினுடைய என்னும் பொருளில் வந்த 'ஒமென்டியெல்மோ' என்னும் சொல், 1960களில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் 'ஒமென்டியெல்வோ' என்றாயிற்று. தமிழின் 'நாம்', 'நாங்கள்' என்பவற்றுக்கு ஒப்பாகக் கேட்பவரை உளப்படுத்துவதும் விலக்குவதுமாகிய ஈறுகளின் அமைப்பை ஆசிரியர் மாற்றியதே இதற்குக் காரணம். எஸ்பெராண்டோவில் பேசுவோர் பொருளை மாற்றினர். குவென்யாவில் ஆசிரியர் கடந்த காலத்தையே மாற்றினார். பல பதிப்புகளும் கைப்படிகளும் ஒன்றோடொன்று முரண்பட நிற்கும் நிலையில், 'சரியான குவென்யா' எது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை.

திணையும் மறைகாரணமும்: கிளிங்கான்

மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் 1984இல் வெளிவந்த திரைப்படத்துக்காக விரிவாக்கி, 1985இல் அகராதியாக வெளியிட்ட கிளிங்கான் மொழி, பெயர் விகுதிகளை ஐந்து வகையாகப் பகுத்து அவற்றின் வரிசையை வரையறுக்கிறது. தமிழாய்வாளரின் கவனத்துக்குரியது அதன் பன்மை. மொழி பேசும் ஆற்றலுடையவற்றுக்கு 'பு', உடலுறுப்புகளுக்கு 'டு', ஏனையவற்றுக்கு 'மெய்' எனப் பன்மை விகுதிகள் மூன்று. 'என்' என்னும் உடைமைப்பொருள் தரும் விகுதியும் மொழி பேசுவனவற்றுக்கு 'வி' என்றும் பிறவற்றுக்கு 'விஜ்' என்றும் இருவகைப்படும்.

இது திணைப் பாகுபாட்டை ஒத்திருக்கிறது. எனினும் அளவுகோல் வேறு. தொல்காப்பியம் மக்களை உயர்திணையாகக் கொண்டது. நன்னூல் தேவரையும் நரகரையும் அதனுடன் சேர்த்தது. ஓக்ராண்ட் கொண்டது பேசும் ஆற்றல். மேலும், தமிழில் திணை வினைமுற்றிலும் வெளிப்படும். கிளிங்கானின் வினை முன்னொட்டு இடத்தையும் எண்ணையுமே காட்டும். அம்மொழியில் திணை பெயரளவில் நின்றுவிடுகிறது.

திணை வழுவுமிடத்தில் ஒப்பீடு மேலும் பயன் தருகிறது. கிளிங்கானில் 'புக்' குழந்தை, 'புக்பு' குழந்தைகள். 'புக்மெய்' என்றால் அங்குமிங்குமாகச் சிதறியிருக்கும் குழந்தைகள் என்பது பொருள். 'என் குழந்தை' என்பதற்கு 'விஜ்' விகுதியை இட்டால் இலக்கணம் பிழைபடாது. ஆனால் அது இழிவுரையாகக் கொள்ளப்படும். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய ஐந்து காரணங்களால் திணை மயங்குவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. ஓக்ராண்டின் அகராதி உடைமை விகுதி மயக்கத்துக்குக் குறிப்பிடுவது இழிவை மட்டுமே. தாய் தன் குழந்தையை உவப்பினால் அஃறிணையாக்கி அழைக்கும் வழக்கு தமிழில் வழுவமைதி. போர்க்குணமுடைய இனத்துக்கு எனப் புனையப்பட்ட மொழியில் அதற்கு இடம் வகுக்கப்படவில்லை. ஒரு பண்பாட்டைப் பற்றிய முன்முடிவு எவ்வாறு பெயர் விகுதியளவிலும் நுழைகிறது என்பதற்கு இது சான்று.

கிளிங்கான் பெயர்களின் பிறப்பிலும் ஒரு தனித்தன்மை உண்டு. மீனைக் குறிக்கும் சொல்லாக ஓக்ராண்ட் அமைத்தது, ஆங்கில எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மையை எள்ளுவதற்காக வழங்கிவந்த 'கோட்டி' என்னும் பழைய விளையாட்டுச் சொல்லையே. கதைக்குள் அச்சொல் இடுகுறி. கதைக்கு வெளியே அது காரணம். இதனை மறைகாரணம் எனலாம். 2015இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்துக்காகப் பாடலாசிரியர் மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியில் 'மின்' தன்மையையும், அதன் ஒலியைத் திருப்பிய 'நிம்' முன்னிலையையும் குறிக்கின்றன. இங்குக் காரணம் மறைக்கப்படவில்லை. இரு பெயர்களுக்கு இடையிலான எதிர்நிலை ஒலியிலேயே வெளிப்படுகிறது. ஆயினும் 'மின்' ஏன் தன்மையாயிற்று என்பது இடுகுறியாகவே நிற்கிறது.

பெயர் யாருடையது?

மேற்கண்ட சான்றுகளால் புனைமொழிப் பெயர்களின் காரணம் நான்கு வகைப்படுதல் புலனாகும்: பொருட்காரணம், உறுப்புக்காரணம், வரலாற்றுக்காரணம், மறைகாரணம். ஒவ்வொன்றிலும் காரணத்தை இறுதிவரை தொடர்ந்து சென்றால் ஓர் இடுகுறியே எஞ்சுகிறது. வில்கின்சின் பேரின அசையும், சாமெனோஃபின் வேரும், டோல்கீனின் வியப்பொலியும் அத்தகையன. இடுகுறியை நீக்க இயலாது. அதனை இடுபவர் யார் என்பதே எஞ்சும் வினா.

இவ்வினாவுக்கு இரு மொழிகளின் வரலாறு விடையளிக்கிறது. வோலாபூக் 1880களில் ஐரோப்பாவெங்கும் விரைந்து பரவியது. மொழியில் செய்யவேண்டிய மாற்றங்கள் பற்றிய கருத்து வேறுபாடு எழுந்தபோது, இறுதி அதிகாரம் தமக்கே உரியது என ஷ்லெயர் வற்புறுத்தினார். இயக்கம் பிளவுபட்டுத் தேய்ந்தது. சாமெனோஃப் தம் முதல் நூலிலேயே மொழியின் மீதான தனியுரிமையைத் துறந்தார். அம்மொழி இன்றும் பேசப்படுகிறது. அதனைத் தாய்மொழியாகக் கற்று வளர்ந்தோரும் உளர். இவ்வேறுபாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், பெயரை இட்டவர் அதனை விட்டுக்கொடுத்தது முதன்மையானது. காரணம் ஒருவருடையதாக இருக்கலாம்; இடுகுறி பலருடைய உடன்பாட்டினால் மட்டுமே நிலைபெறும்.

முடிவுரை

புனைமொழிகளை அவற்றின் மூலத்தால் வகைப்படுத்தும் முறை, சொல் பிறந்த இடத்தைக் காட்டுகிறதேயன்றிச் சொல் வாழும் முறையைக் காட்டுவதில்லை. இடுகுறி, காரணம் என்னும் பாகுபாடு கேட்போரின் அறிவிலிருந்து தொடங்குவதால் அக்குறையை நிறைவு செய்கிறது. எஸ்பெராண்டோவின் பாற்சிக்கலும், குவென்யாவின் உருபு வரிசையும், கிளிங்கானின் திணை மயக்கமும் இவ்வாறு ஒரே நோக்கில் ஆராயத்தக்கனவாகின்றன. தமிழ் இலக்கணக் கருத்துகள் தமிழை விளக்குவதற்கு மட்டும் உரியன என்னும் எண்ணத்தை இவ்வாய்வு ஏற்கவில்லை. அவை பிற மொழிகளை ஆராயும் கருவிகளாகவும் பயன்படும்.

தமிழில் கலைச்சொல்லாக்கம் செய்வோரும் இதிலிருந்து பெறத்தக்க தெளிவு உண்டு. புதிய கலைச்சொல் காரணப்பெயராக அமைவதே சிறப்பு எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. காரணம் சொல்லை அறிமுகப்படுத்தும், நிலைநிறுத்துவது வழக்கு. காரணம் தெளிவாக அமைந்தும் வழங்காத சொல்லைவிட, காரணம் மறந்தும் வழங்கும் சொல்லே மொழிக்கு உரியதாகிறது. ஆக்கியவர் அதனைப் பிறர் திருத்தவும் சுருக்கவும் இசைய வேண்டும். தம் மொழியின் மீதான பிடியைத் தளர்த்த மறுத்த ஷ்லெயரின் வரலாறு உணர்த்துவதும் இதுவே.